ஊசி ஓடுகிறது, கையில் காசு நிற்கவில்லை: சிறிய எம்பிராய்டரி யூனிட்டுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு தலை அல்லது இரண்டு தலை கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின், ஒன்றிரண்டு ஆட்கள், பக்கத்தில் கொக்கி ஊசியால் கையால் தைக்கும் ஆரி வேலைக்குத் துணியை விரித்துக் கட்டும் ஒரு கட்டை. திருப்பூர், ஈரோடு தொடங்கி சிற்றூர்க் கடைவீதிகள் வரை இந்த அளவில் தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூல் அறுந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும், காசு நிற்காவிட்டால் ரேட்டைக் குறை சொல்வதும் நம்மிடையே பழகிப்போன வழி. இரண்டு தொல்லைகளுக்கும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான்: ஊசி ஓடாமல் நிற்கும் நேரம். அதைப் பிடித்துவிட்டால் வேலையின் தரமும் ஏறும், பணமும் மிஞ்சும்.

உங்கள் யூனிட்டில் தெரிகிற அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை அதிலுள்ள கணக்கை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன.

அறிகுறி: நாள் முழுக்க வேலை இருக்கிறது, மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காகத்தான், உங்கள் தொகைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் தவணை 9,000 ரூபாய், வாடகை 5,000, மின்சாரம் 2,000, மெஷின் ஓட்டுபவர் சம்பளம் 15,000, ஊசி, எண்ணெய், பழுதுபார்ப்பு 1,500, போக்குவரத்தும் சில்லறையும் 1,500. ஆக மாதம் 34,000 ரூபாய். மெஷினை நீங்களே ஓட்டினாலும் அந்த 15,000 ரூபாயை எழுதத்தான் வேண்டும். சொந்த உழைப்புக்குச் சம்பளம் எழுதாத யூனிட்டில் லாபம் என்று தெரிவது பாதி நேரம் உரிமையாளரின் கூலிதான்.

மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். அதில் ஊசி உண்மையில் ஓடியது எவ்வளவு? பிரேம் (துணியை விரித்துப் பிடிக்கும் சட்டம்) மாற்றியது, நூல் கோத்தது, டிசைன் வரும் என்று காத்திருந்தது எல்லாம் போக 110 மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 34,000ஐ 110ஆல் வகுத்தால் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஏறக்குறைய 309 ரூபாய் செலவு. நிமிடத்துக்கு ஐந்து ரூபாய்.

நிமிடத்துக்கு 700 ஸ்டிச் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 42,000 ஸ்டிச் வரும். ஆயிரம் ஸ்டிச்சுக்கு 6 ரூபாய் வாங்கினால் மணிக்கு 252 ரூபாய் வரவு. 110 மணி நேரத்துக்கு 27,720 ரூபாய். மாதத்துக்கு 6,280 ரூபாய் நட்டம். ரேட்டை ஒரு பைசா கூட்டாமல், அதே மெஷினை 160 மணி நேரம் ஓட்டினால் வரவு 40,320. கையில் 6,320 ரூபாய் நிற்கும். நட்டத்துக்கும் லாபத்துக்கும் நடுவில் இருப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம்தான்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று தெரிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மெஷினுக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். மெஷின் நிற்கும்போதெல்லாம் நேரமும் காரணமும் ஒரே சொல்லில்: நூல், பாபின், பிரேம், டிசைன், கரண்ட், போன். ஒரு வாரம் எழுதினால் போதும். சிறிய யூனிட்டுகளில் பெரிய ஓட்டை பெரும்பாலும் பிரேமில் இருக்கும். ஒரே பிரேமை வைத்துக்கொண்டு, தைத்த பனியனைக் கழற்றி, அடுத்ததை மாட்டும் வரை மெஷின் சும்மா நிற்கும். பனியனுக்கு இரண்டு நிமிடம் என்றால், நூறு பனியனுக்கு 200 நிமிடம். அதாவது மூன்று மணி இருபது நிமிடம். அதே அளவில் இரண்டாவது பிரேம் வாங்கி, ஒன்று ஓடும்போது மற்றதை மாட்டிவைத்தால் இந்த நேரம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிடும். நெஞ்சில் லோகோ வரும் இடத்தைக் காட்ட, தோள் தையலிலும் நடுக்கோட்டிலும் பொருந்தும்படி ஓர் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பனியனையும் டேப்பால் அளக்க வேண்டாம்.

அடுத்தது பாபின், அதாவது அடி நூல் சுற்றிய சிறு உருளை. நூலின் தடிப்பையும் பாபினின் அளவையும் பொறுத்து ஒரு பாபின் ஏறக்குறைய 25,000 முதல் 30,000 ஸ்டிச் வரை வரும். நாளுக்கு வேண்டியதைக் காலையிலேயே சுற்றி வைத்துவிடுங்கள். பெரிய டிசைன் தொடங்கும் முன் பாபினில் இருப்பது போதுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டுத் துணியில் நடு டிசைனில் பாபின் தீர்ந்தால் அந்த இடம் ஓரளவு தெரியத்தான் செய்யும்.

அறிகுறி: மேல் நூல் அடிக்கடி அறுகிறது

அறுந்ததும் உடனே மறுபடி கோக்காதீர்கள். அறுந்த நுனியை விரலில் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே காட்டிப் பாருங்கள். நோயாளியின் நாடியைப் போல அந்த நுனி நிறையச் சொல்லும்.

நுனி பஞ்சுபோலப் பிரிந்திருந்தால், நூல் எங்கேயோ உராய்கிறது. முதல் சந்தேகம் ஊசி. ஊசி முனையை விரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் முனை மழுங்கியோ வளைந்தோ இருக்கிறது, மாற்றிவிடுங்கள். ஊசியின் கண் சிறிதாக இருந்தாலும், ஒட்டும் ஸ்ப்ரேயின் பசை ஊசியில் ஏறியிருந்தாலும் இதே நிலைதான். சாதாரண 40 எண் நூலுக்கு 75/11 ஊசி போதும். ஜரிகை நூலுக்கு 80/12 அல்லது 90/14 போட்டு, டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) தளர்த்தி, வேகத்தை 500, 600 அளவுக்கு இறக்குங்கள்.

நுனி சுருண்டு, இழுபட்டு மெலிந்திருந்தால் டென்ஷன் அதிகம், அல்லது கோனிலிருந்து வரும் வழியில் நூல் எங்கோ சிக்கி இழுபடுகிறது. கோனின் அடி விளிம்பில் நூல் வழுக்கி விழுந்து சுற்றியிருப்பது நாம் அதிகம் கவனிக்காத காரணம்.

நுனி கத்தியால் வெட்டியது போல நறுக்கென்று இருந்தால், கூரான உலோக விளிம்பில் பட்டிருக்கிறது. ஊசி உடைந்த நாளுக்குப் பிறகு இந்தத் தொல்லை தொடங்கியதா என்று யோசியுங்கள். உடைந்த ஊசி ஹூக்கிலோ (அடியில் சுழன்று மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி) ஊசித் தட்டின் ஓட்டையிலோ ஒரு சிறு பிசிறை விட்டுப் போயிருக்கும். தட்டைக் கழற்றி ஓட்டையின் ஓரத்தில் பஞ்சைத் தடவினால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் பிசிறை நீங்களே தேய்த்துவிடலாம். ஹூக்கில் ஆழமான கீறல் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்த கேள்வி: எங்கே அறுகிறது? டிசைனில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அறுந்தால் மெஷினைத் தொடவே வேண்டாம். தவறு பஞ்சிங்கில், அதாவது டிசைனை மெஷினுக்கான தையல் கோப்பாக மாற்றிய விதத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தையல் ஏறியிருக்கும், அல்லது மிகக் குட்டையான ஸ்டிச்சுகள் குவிந்திருக்கும். பல ஊசி மெஷினில் ஒரே ஊசியில் மட்டும் அறுந்தால், அந்தக் கோனைப் பக்கத்து ஊசிக்கு மாற்றிப் பாருங்கள். தொல்லை கோனோடு சேர்ந்து நகர்ந்தால் நூல் கெட்டது. பழைய ஊசியிலேயே நின்றால் ஊசி அல்லது அதன் நூல் பாதை கெட்டது. எல்லா ஊசியிலும் அறுந்தால் பொதுவான இடம் ஹூக். கடைசியாக எப்போது எண்ணெய் விட்டீர்கள்? நான்கு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு துளி, ஹூக் சுழலும் பள்ளத்தில். அதன் பிறகு கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டு நல்ல துணிக்குப் போக வேண்டும். உங்கள் மெஷின் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹூக் டைமிங்கில் (ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேர அமைப்பில்) மட்டும் பயிற்சி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மலிவான நூல் பற்றி ஒரு வார்த்தை. 5,000 மீட்டர் கோன் மேல் நூலாக ஏறக்குறைய பத்து லட்சம் ஸ்டிச் வரும். கோன் 150 ரூபாய் என்று வைத்தாலும் 10,000 ஸ்டிச் லோகோவுக்கு மேல் நூல் செலவு ஒன்றரை ரூபாய். ஒரு முறை அறுந்து, ஆள் எழுந்து வந்து, கோத்து, பின்னால் நகர்த்தி மறுபடி ஓட்ட ஒரு நிமிடம் போனால் செலவு ஐந்து ரூபாய். கோனுக்கு முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்கிய நூல், ஒரே காலையில் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

அறிகுறி: துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது

பெரும்பாலோர் பாபினைச் சந்தேகிப்பார்கள். அடியில் கூடு கட்டுவது ஏறக்குறைய எப்போதும் மேல் நூலின் தவறுதான். நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காரவில்லை, அல்லது மேலும் கீழும் போகும் நூல் தூக்கியிலிருந்து நழுவியிருக்கிறது. வீட்டு வகை மெஷினில் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக் கோக்க வேண்டும். இறக்கியிருந்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாது. இவை சரியாக இருந்தும் கூடு கட்டினால் துணி பிரேமில் தளர்ந்து, ஊசியோடு சேர்ந்து எழும்புகிறது.

சிக்கியதைப் பிடித்து இழுக்க வேண்டாம். மெஷினை அணைத்து, பாபின் கேஸைக் கழற்றி, பிரேமுக்கு அடியில் மெல்லிய கத்தரியை விட்டு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி விடுவியுங்கள். இழுத்தால் துணி ஓட்டையாகும்.

அறிகுறி: வெள்ளை பாபின் நூல் மேலே தெரிகிறது

சாட்டின் ஸ்டிச்சில் (இரு ஓரங்களுக்கு இடையே நெருக்கமாகப் போய் வரும் தையல்) நான்கு மி.மீ. அகலத்தில் ஒரு நேர்கோடு தைத்து, துணியைத் திருப்புங்கள். பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையும், இரு ஓரங்களிலும் மேல் நூலின் நிறமும் தெரிந்தால் சமன் சரி. வெள்ளையே தெரியவில்லை என்றால் மேல் டென்ஷன் தளர்வு அல்லது பாபின் இறுக்கம். வெள்ளை அகலமாகப் பரந்திருந்தால் நேரெதிர்.

எப்போதும் பாபினிலிருந்து தொடங்குங்கள். பாபின் கேஸை நூல் நுனியில் தொங்கவிட்டு, மணிக்கட்டை லேசாக ஒரு வெட்டு வெட்டுங்கள். இரண்டு மூன்று அங்குலம் இறங்கி நின்றால் சரி. சரசரவென்று தரை வரை இறங்கினால் தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். திருகைத் திருப்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேஸின் பக்கத்தில் இருக்கும் தட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை விட்டு, நூல் போகும் திசையில் இழுத்துப் பாருங்கள். அடைந்துபோன பஞ்சு சுருளாக வெளியே வரும். பல நாள் டென்ஷன் தொல்லை அந்தச் சுருளோடு தீர்ந்துவிடுவதுண்டு. தீராவிட்டால் திருகைக் கடிகாரத்தின் மணி முள் அரை மணி நேரத்தில் நகரும் அளவு மட்டும் நகர்த்தி, மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள். பாபின் சரியான பிறகே மேல் டென்ஷனைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: தைத்த இடத்தைச் சுற்றித் துணி சுருங்குகிறது, அவுட்லைன் விலகி நிற்கிறது

இது பனியன் துணியில் நமக்கு வரும் பெரிய தலைவலி. காரணங்கள் மூன்று: பிரேம், பேப்பர் (துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஷீட்), பஞ்சிங்.

நெய்த துணி பிரேமில் தட்டினால் ஒலிக்கும் அளவு இறுக்கமாக இருக்கலாம். பின்னல் துணியை அப்படி இழுத்து மாட்டினால், தைத்து முடித்துக் கழற்றும்போது துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது, சுருக்கம் விழும். பனியனை இழுக்காமல், சமமாக விரித்து மட்டும் மாட்டுங்கள். பின்னலின் கோடுகள் பிரேமுக்குள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தாலே இழுத்திருக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும்.

பேப்பரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பின்னல் துணிக்கு, தைத்தபின் கத்தரியால் ஓரம் வெட்டி உள்ளே விடும் வகை வேண்டும். கையால் கிழித்து எடுக்கும் வகை நெய்த துணிக்கு. அதைப் பனியனில் போட்டால் கடையில் அழகாக இருக்கும், மூன்றாவது துவையலில் லோகோ சுருண்டுவிடும். துண்டு, வெல்வெட் போன்றவற்றில் ஸ்டிச் இழைக்குள் புதைந்துபோகாமல் இருக்க மேலே நீரில் கரையும் ஷீட்டும் வேண்டும்.

பஞ்சிங்கில் கவனிக்க வேண்டியது அடர்த்தி. 40 எண் நூலுக்கு வரிசைகளுக்கு இடையே 0.4 மி.மீ. என்பது பொதுவான தொடக்கம். மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி கோப்பை அப்படியே சிறிதாக்குவது பல யூனிட்டுகளில் நடக்கிறது. அந்தக் கோப்பில் ஊசி விழும் இடங்கள் மட்டுமே இருக்கின்றன. சிறிதாக்கினாலும் ஸ்டிச் எண்ணிக்கை அப்படியே நிற்கும். 10 செ.மீ. டிசைனை 8 செ.மீ. ஆக்கினால் பரப்பு 64 சதவீதமாகிறது. அதே ஸ்டிச்சுகள் அதற்குள் விழுவதால் அடர்த்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். துணி சுருங்கும், நூல் அறும், ஊசி உடையும். அளவு மாற்ற வேண்டுமென்றால் பஞ்சிங் செய்தவரிடம் மூலக் கோப்பில் மாற்றித் தரச் சொல்லுங்கள். பஞ்சிங்குக்குக் காசு கொடுக்கும்போதே மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

அவுட்லைன் விலகினால், நிரப்புக்கு அடியில் அண்டர்லே (முதலில் போடும் அடித்தையல்) இருக்கிறதா என்று பாருங்கள். தையல் துணியைத் தன் திசையில் உள்ளிழுக்கும். அதற்கு ஈடாக வடிவத்தை ஓரங்களில் 0.2 முதல் 0.4 மி.மீ. வரை அகலப்படுத்த வேண்டும். நிரப்பு எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் மொத்தமாக அவுட்லைன் போடும் வரிசையும் விலகலுக்குக் காரணம். ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் அதன் அவுட்லைனைப் போட்டுவிட்டு, நடுவிலிருந்து வெளியே நகர்வது நல்லது.

அறிகுறி: தமிழ் எழுத்து அடைந்துபோகிறது, அல்லது தவறாக விழுகிறது

பள்ளிச் சட்டை, கோயில் குழுவின் பனியன், சங்கக் கொடி என்று தமிழ் எழுத்து வேலை நிறைய வருகிறது. இதை நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. நன்றாகச் செய்தால் இதிலேயே உங்களுக்குப் பெயர் கிடைக்கும்.

ஆங்கிலப் பெரிய எழுத்தை 5 மி.மீ. உயரத்தில் 40 எண் நூலால் தைத்துவிடலாம். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் உட்சுழி அந்த உயரத்தில் மூடிக்கொள்ளும். என் அளவில் 8 மி.மீ.க்குக் குறைவாகத் தமிழ் எழுத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஸ்ரீ, ஜ, க்ஷ வந்தால் 10 மி.மீ. வேண்டும். அதைவிடச் சிறிதாகத்தான் வேண்டும் என்றால் 60 எண் நூலும் 65/9 ஊசியும் போடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைச் சிறு வட்டமாகப் பஞ்ச் செய்தால் ஒரே இடத்தில் ஸ்டிச் குவிந்து நூல் அறுகிறது. ஒரு மி.மீ.க்குக் குறையாத சிறு சாட்டின் முட்டையாகப் போட்டால் தெளிவாக விழும்.

சில பஞ்சிங் மென்பொருள்களில் தமிழை நேரடியாகத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' உடைந்து விழும். வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, அதைக் கோட்டு வடிவமாக மாற்றி, பிறகு கொண்டுவருவதே பத்திரமான வழி. தைக்கும் முன் வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பி, 'எழுத்து சரி' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ளகர, ழகர, லகரமும் ஒற்றும் நூறு சட்டையில் தைத்த பிறகு திருத்தக் கூடியவை அல்ல.

அறிகுறி: எதிர்க்கடை ரேட்டைச் சொல்லி வாடிக்கையாளர் பேரம் பேசுகிறார்

பேரத்துக்கு முன் உங்கள் ரேட் எதை அளக்கிறது என்று பாருங்கள். ஸ்டிச் கணக்கு மட்டும் போதாது. 5,000 ஸ்டிச் லோகோ 700 வேகத்தில் ஏழு நிமிடம். அதே லோகோவில் துண்டு துண்டாக எழுத்துகள் இருந்து 40 இடத்தில் நூல் வெட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் மெஷின் வேகம் குறைந்து, வெட்டி, நகர்ந்து, மறுபடி வேகம் எடுக்க எட்டு விநாடி போகிறது என்று வையுங்கள்: கூடுதலாக ஐந்து நிமிடம் இருபது விநாடி. ஸ்டிச் கணக்கில் விலை சொன்னவர் பன்னிரண்டு நிமிட வேலையை ஏழு நிமிட விலைக்குச் செய்கிறார். ஆகவே முதல் பீஸை ஓட்டும்போது கடிகாரம் பாருங்கள். நிமிடத்தால் விலை வையுங்கள். வாடிக்கையாளரிடம் பீஸ் விலையாகச் சொல்லுங்கள்.

பஞ்சிங் கட்டணத்தைத் தனியாக எழுதுங்கள். ஒரே ஒரு பனியன் கேட்டு வருபவருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் இருக்கட்டும். நூல் மாற்றி, டிசைன் ஏற்றி, சாம்பிள் ஓட்டும் நேரம் ஒரு பீஸுக்கும் நூறு பீஸுக்கும் ஒன்றுதான். அதன் பிறகும் எதிர்க்கடைக்குப் போகிறவர் போகட்டும். நிமிடத்துக்கு ஐந்து ரூபாய் செலவாகும் மெஷினை நான்கு ரூபாய்க்கு ஓட்டுவதைவிட, அந்த நேரத்தில் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது மேல்.

பெரிய விளையாட்டு நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டுத் தரச் சொல்லி, நல்ல விலை தருவதாக ஒருவர் வந்தால் மறுத்துவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. தோடர் பூத்தையலை மெஷினில் போட்டு அந்தப் பெயரிலேயே விற்பதும் தவறு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. நீலகிரியில் அதைத் தைக்கும் பெண்களின் பிழைப்பு அந்தப் பெயரில் இருக்கிறது.

அறிகுறி: ஆரி ஜாக்கெட்டுக்கு விலை சொன்ன பிறகு வேலை இழுத்துக்கொண்டே போகிறது

ஆரியில் பொருள் செலவு கண்ணுக்குத் தெரியும், நேரம் தெரியாது. கை, பின் கழுத்து, முன் கழுத்து, புட்டா என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மணி நேரம் என்று சாம்பிள் துணியிலேயே எழுதி வையுங்கள். செயின் ஸ்டிச்சில் ஒரு அங்குலம், லோட் ஸ்டிச்சில் ஒரு அங்குலம், சர்தோசியில் ஓர் இலை என்று அந்தத் துணி உங்கள் விலைப்பட்டியலாகிவிடும். மணமகளின் அம்மா "இன்னும் கொஞ்சம் நிறைவாக இருக்கட்டும்" என்று கேட்கும்போது அந்தத் துணியை எடுத்துக் காட்டி, எத்தனை அங்குலம், எவ்வளவு கூடும் என்று அங்கேயே சொல்லலாம்.

நூல் கொக்கியில் மாட்டாமல் நழுவுவதுதான் வேகத்தைக் கெடுப்பது. ஊசியைப் பிடியில் பொருத்தும்போது கொக்கி, பிடியின் திருகு இருக்கும் பக்கமாகவே பார்க்கும்படி முடுக்குங்கள். துணிக்கு அடியில் கொக்கி கண்ணுக்குத் தெரியாது. திருகைத் தொட்டாலே அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரல் அறிந்துகொள்ளும். துணி கட்டையில் தளர்ந்திருந்தாலும் நழுவும். செயின் முடிவில் பூட்டு முடிச்சுப் போடாவிட்டால் ஒரு நூல் நுனியை இழுத்தாலே வரிசை முழுவதும் பிரிந்துவிடும், ஆகவே முடிவைச் சோதிக்காமல் கட்டையிலிருந்து துணியைக் கழற்ற வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்த பொடியால் டிசைன் பதிக்கிறவர்கள், வெளிர் நிறப் பட்டில் முதலில் தையலுக்குள் மறையும் ஓரத்தில் பதித்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: வாடிக்கையாளரின் துணி கெட்டுப்போகிறது, லாபம் முழுவதும் ஈடுகட்டவே போகிறது

நூறு பீஸ் எடுக்கும்போதே நூற்றிரண்டு கொடுக்கச் சொல்லுங்கள். சேதத்துக்கு எத்தனை பீஸ் வரை ஏற்பது என்று பில்லில் எழுதுங்கள். துணி வந்தவுடன் எண்ணி, கறையும் ஓட்டையும் பார்த்து, இருந்தால் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். விலை உயர்ந்த ஒற்றைத் துணி என்றால் அதே வகைத் துண்டில் ஒரு முறை ஓட்டாமல் கை வைக்காதீர்கள். பிரேம் தடம் விழும் வெல்வெட், பட்டு போன்றவற்றைப் பிரேமுக்குள் மாட்டாமல், பேப்பரை மட்டும் மாட்டி அதன் மேல் துணியை ஒட்டித் தைக்கலாம்.

அறிகுறி: வேலை முடிந்தது, பணம் வரவில்லை

தனி வாடிக்கையாளரிடம் பாதி முன்பணம், மீதி கொடுத்தபின் துணி. இதில் தயக்கமே வேண்டாம். நிறுவனங்களின் ஜாப் ஒர்க்கில் கடன் தவிர்க்க முடியாது. அதற்கு எல்லை உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. புகாருக்கென்று வசதியாக்கக் குழு இருக்கிறது. எல்லாரும் புகார் வரை போவதில்லை, போகவும் வேண்டியதில்லை. உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் பில்லில் அச்சிட்டுக் கொடுத்தாலே, கணக்குப் பிரிவில் உங்கள் பில் அடுக்கின் மேலே ஏறும்.

அறிகுறி: ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் படுத்துவிடுகிறது

முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கல்யாண ஜாக்கெட் வராது. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான ஜாக்கெட் ஆடிக் கடைசியிலேயே கேட்கப்படும். ஜூனில் பள்ளி திறப்பதற்கான லோகோ ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிவாகும். வேலை வரும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பாகச் சாம்பிளுடன் பள்ளிக்கும் தையல் கடைக்கும் போய் வர வேண்டியது நீங்கள்தான். ஓய்வு மாதத்தில் மெஷினுக்கு முழு சர்வீஸ், ஆளுக்குப் பஞ்சிங் பயிற்சி.

அறிகுறி: ஆள் பழகியதும் போய்விடுகிறார், யூனிட் பழைய நிலைக்கே திரும்புகிறது

சம்பளம் ஒரு காரணம்; அதைச் சந்தை நிலவரத்தோடு ஒட்டி வைக்கத்தான் வேண்டும். யூனிட் திண்டாடுவதற்குக் காரணம் வேறு: கற்றதெல்லாம் அந்த ஆளின் தலையில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு டிசைனுக்கும் ஓர் அட்டை போடுங்கள். அதில் தைத்த சாம்பிளை ஒட்டுங்கள். நூல் நிற எண்களை ஊசி வரிசையில் எழுதுங்கள். டிஎஸ்டி கோப்பில் நிறம் பதிவாவதில்லை என்பதால் ஆறு மாதம் கழித்து அதே பள்ளி திரும்ப வரும்போது இந்த வரிசைதான் துணை. ஊசி அளவு, பேப்பர் வகையும் அடுக்கும், வேகம், பிரேம் எண், தோள் தையலிலிருந்து லோகோவின் நடு வரை உள்ள தூரம், ஒரு பீஸுக்கு ஆன நிமிடம், வாங்கிய விலை.

புதிதாக வருபவருக்கு முதல் வாரம் பிரேம் மாட்ட மட்டும் கற்றுக்கொடுங்கள். பின்னல் துணியை இழுக்காமல் மாட்டக் கை பழகிய பிறகு அறுந்த நுனியைப் படிப்பது, அடுத்து பாபின் கேஸைத் தொங்கவிட்டுப் பார்ப்பது. டென்ஷன் திருகு அவர் கைக்குப் போவது அதன் பிறகு. மெஷின் பக்கத்து நோட்டில் அவரையே எழுத விடுங்கள். வாரக் கடைசியில் அவரோடு உட்கார்ந்து, நிற்கும் நேரம் எந்தக் காரணத்தில் குறைந்தது, எதில் குறையவில்லை என்று பாருங்கள். குறைந்த மணி நேரத்தால் வந்த பணத்தில் ஒரு பங்கைச் சம்பளத்தோடு சேர்த்து, எதற்காக என்று சொல்லிக் கொடுங்கள்.